ஒரு மெகாபைட்டுக்கு மேலே அக்காவின் குரல்

என் அக்காவின் கணவர் லிப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்ததும் ஒரு பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அதற்கென்று விண்டோஸ் மாதிரி சொந்தமாக ஓர் இயங்குதளம் எழுதுவார். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தேவையுமில்லை. அக்கா மூன்று முறை சாப்பிடக் கூப்பிட்டால்தான் மாமா காதில் விழும். பார்க்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்காவுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்றார் மருத்துவர். மாமா செல்போனை நீட்டினார்.

"ஏதாவது பேசும்மா, வச்சுக்கறேன்."

"போன்ல எதுக்கு? நான் சொன்னா என்னிக்குக் கேட்டிருக்கீங்க? அந்தப் பெட்டி சொன்னாத்தான் கேப்பீங்க. அதுக்குள்ளயே வையுங்க. ஆபரேஷன் முடிஞ்சப்புறம்தான் கேக்கணும்" என்றாள் அக்கா. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பேசினாள்.

கம்ப்யூட்டர் நினைவகத்தில் மாமா அதுவரை பயன்படுத்திய முதல் மெகாபைட்டில் குரலுக்கு இடம் போதவில்லை. அதற்கு மேலே உள்ள நினைவகத்தில் வைக்கும்படி எழுதினார். என் லேப்டாப்பில், பழைய கம்ப்யூட்டர் போலவே நடிக்கும் மென்பொருளில், தன் இருமலை ஏற்றிச் சோதித்தார். நன்றாகக் கேட்டது.

ஆபரேஷன் முடிந்து, குரலில்லாமல் அக்கா வீடு திரும்பினாள். நிஜக் கம்ப்யூட்டரில் பொத்தானை அழுத்தினாள். திரை இருண்டு, எல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்தது. மறுபடியும் அதேதான். அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். மாமா தான் எழுதியதை முதலிலிருந்து படித்துப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் கம்ப்யூட்டரில் மேல் நினைவகத்துக்குப் போகும் வழி அடைத்தே இருக்கும். விசைப்பலகையின் சில்லுக்கு உத்தரவு கொடுத்துத் திறக்க வேண்டும். லேப்டாப்பில் அது திறந்தே இருந்ததால் மறந்துவிட்டார்.

"உங்கக்கா குரல் மேல போகலடா. கீழ வந்து விழுந்து, நான் எழுதினதயே அழிச்சிருச்சு."

நல்ல வேலை செய்தது என்று சொல்ல வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

வழியைத் திறக்கும் வரிகளைச் சேர்த்தார். மேலே ஓர் எண்ணை எழுதி, கீழே இருப்பது மாறுகிறதா என்று பார்த்தார். மாறவில்லை. அக்காவைக் கூப்பிட்டார். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து அழுத்தினாள்.

"சாப்பாடு ஆறுது. எழுந்து வாங்க" என்றது பெட்டி, அக்காவின் பழைய குரலில்.

மாமா உடனே எழுந்துவிட்டார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதார்.

அவளுக்கு அவரைத் தெரியும். மூன்று முறை கூப்பிட்டுத்தான் பதிவு செய்திருந்தாள். மற்ற இரண்டையும் காலி நாற்காலிதான் கேட்டது.