செரோக்கிப் பாடமும் அடுத்த தெருவும்

ஐம்பது வயதில் வரலாற்றுச் சோதனை எடுக்கப்போகிறேன் என்றதும் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நோர்வேயில், ஒஸ்லோவின் ஹவுகெட்டோ பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் நீண்டகாலமாக உதவியாளராக வேலை செய்கிறேன். தாதியர் படிப்புக்கு விண்ணப்பிக்க எனக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு பாடம்தான். வாய்மொழிச் சோதனை. எனக்கு வந்த தலைப்பு, அமெரிக்கப் பழங்குடிகளான செரோக்கி மக்களைச் சொந்த மண்ணிலிருந்து விரட்டியது.

வாசிக்க வாசிக்க அந்தச் சனத்தை எனக்குப் பிடித்துப்போனது. சொந்த எழுத்து உண்டாக்கி, அதில் பத்திரிகையும் நடத்தியிருக்கிறார்கள். எழுத்து என்றால் போதுமே, எங்கள் தமிழ் ஆட்கள் உடனே சொந்தம் கொண்டாடிவிடுவார்கள். நீதிமன்றம் போய் வென்றும் இருக்கிறார்கள். வென்று என்ன பயன்? அவர்கள் வெளிக்கிட முன்னமே காணிகளைச் சீட்டுக் குலுக்கி வெள்ளைக்காரருக்குப் பிரித்துக் கொடுத்தாயிற்று. பிறகு பட்டாளம் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைக்கூட அப்படியே எழுப்பிக்கொண்டுபோய் அடைத்துவைத்து, மேற்கே நடக்கவிட்டது. குளிரிலும் நோயிலும் வழிநெடுகச் செத்தார்கள்.

முடிவுரையும் தயார். போர்க்காலத்தில் யாழ்ப்பாணமே ஒரு ரோட்டில் மழையில் நடந்த எங்கள் இடப்பெயர்வைச் சொல்லிக் குரல் தழுதழுத்தால் ஒரு புள்ளி கூட விழும் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணாடிக்கு முன்னால் பழகியும் பார்த்தேன்.

பாதிவரை நன்றாகத்தான் போனது. பிறகு வெளியிலிருந்து வந்த பரீட்சகர், என் வயதுப் பெண், இடைமறித்துக் கேட்டார்.

"அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்?"

"சிலர் எதிர்த்துப் பேசினார்கள். மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு தங்களுக்கு என்ன கிடைக்கும் என்று பார்த்தார்கள்."

"அவர்கள் மனதில் இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரியும். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு அடுத்த தெரு முஸ்லிம் மக்களுடையது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒருநாள், துவக்கு வைத்திருந்த எங்கள் ஆட்கள், இயக்கக்காரர், அவர்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். நாங்கள் படலையைச் சாத்திவிட்டு உள்ளே இருந்தோம். பயம்தான், ஆனால் பயம் மட்டுமில்லை. அவர்களிடம் பறித்த சாமான்கள் பிறகு விற்பனைக்கு வந்தபோது அப்பா ஒரு தையல் மெஷின் வாங்கிவந்தார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

மழையில் நடந்த கதையை ஒஸ்லோவில் நான் சொல்லாத ஆளில்லை. இதை ஒருவருக்கும் சொன்னதில்லை. அன்று சொன்னேன், உடைந்த நோர்வேஜிய மொழியில். பழகிவைத்த தழுதழுப்பு மறந்தே போனது.

ஆறுக்கு ஐந்து கிடைத்தது. வீடு இருக்கும் புருசெத்துக்கு ரயிலில் வரும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. எனக்கென்று யாரும் இரக்கப்பட்டுப் போட்ட புள்ளி இல்லை அது.

லில்லெஸ்ட்ரோமில் இருக்கும் அக்காவுக்குப் போன் எடுத்து நடந்ததெல்லாம் சொன்னேன். எனக்கு இரண்டு வயது மூத்தவ. அம்மா அப்பா போனபிறகு எனக்கு எல்லாம் அவதான்.

"பாஸ் பண்ணினது நல்லம். அதை ஏன் வெளியாக்களுக்குச் சொன்னனீ? செத்த அப்பாவை இழுத்துத் தெருவிலை விடுறியே?"

"அவ கேட்டவ, நான் சொன்னனான் அக்கா. எங்களுக்கு நடந்ததைச் சொல்லேக்கை இனிக்குது. நாங்கள் செய்ததை ஆர் சொல்லுறது?"

அக்கா போனை வைத்துவிட்டா. ஒரு கிழமை எடுக்கவில்லை. நான் எடுத்தாலும் பதில் இல்லை. தாதியர் படிப்புக்கு விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, அக்காவை இழந்துவிட்டேனோ என்று அழுதேன். ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்க மனம் வரவில்லை.

எட்டாம் நாள் அவவே எடுத்தா. சுகம்கூட விசாரிக்கவில்லை.

"அந்தத் தையல் மெஷின்ரை இழுக்கிற லாச்சிக்குள்ளை ஒரு பள்ளிக்கூட பட்ஜ் கிடந்தது. பின்பக்கம் பேர் கீறியிருந்தது. என்ரை வகுப்புப் பிள்ளையின்ரை. எனக்குப் பக்கத்திலை இருந்தவள். நான் அதை எடுத்துக் கிணத்துக்கை போட்டனான். ஒருதருக்கும் சொல்லேல்லை."



பிறகு அக்கா அந்தப் பிள்ளையின் பெயரைச் சொன்னா. தகப்பனின் பெயரோடு, முழுதாக, வகுப்பில் இடாப்புக் கூப்பிடுவதுபோல. என் சோதனையை விடப் பெரிய சோதனை அது. என் அக்கா அதில் சித்தியடைந்தா.