விலாசத்தின் வால்

கொம்பியூற்றர் தெரிந்தவன் என்று இந்தப் பத்தியில் அவ்வப்போது நான் அடித்துக்கொள்ளும் தம்பட்டம் உங்களுக்குப் பழக்கம்தானே? இந்த வாரம் அது கிடையாது. காரணம், போன திங்கட்கிழமை.

நான் வேலை செய்வது பிறம்ரன் நகரில் ஒரு சின்னக் கொம்பனியில். மூச்சுச் சிரமம் உள்ளவர்களுக்கு ஒக்சிஜன் சிலிண்டர்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அதன் தொழில். யாருக்கு, எங்கே, எப்போது — எல்லாம் ஒரு டேற்றாபேஸில் இருக்கிறது. அது இருந்த சேர்வரோ கிழடு. வெயில் காலத்தில் அதற்கும் மூச்சுச் சிரமம். ஆகவே புதிய சேர்வர் வந்தது. பழையதில் இருந்ததைப் புதியதற்கு மாற்றும் பொறுப்பு... வேறு யாருக்கு?

சனிக்கிழமை முழுக்க இருந்து மாற்றினேன். பழையதில் எத்தனை பேரோ புதியதிலும் அத்தனை பேர். சோதித்துப் பார்த்தேனா? பார்த்தேனே — என் சொந்த விலாசத்தைப் போட்டு. அச்சுப் பிசகாமல் வந்தது. நான் குடியிருப்பது ஒரு வீட்டின் பேஸ்மென்றில். சின்னத் தெரு, சின்னப் பெயர். விலாசம் எழுதத் தொடங்குமுன் முடிந்துவிடும்.

திங்கள் காலை இரண்டு பெட்டி டோனட்டோடு அலுவலகத்துக்குள் நுழைந்தேன். சத்திரசிகிச்சை முடித்து வெளியே வரும் டொக்டரின் நடை.

பெட்டி பாதிகூடக் காலியாகவில்லை. சாரதிகளை அனுப்பும் பொறுப்பில் இருக்கும் ரஞ்சி அக்கா தன் மேசையிலிருந்து கூப்பிட்டார்.

“தம்பி, உந்த அப்பார்ட்மென்ற் நம்பரெல்லாம் எங்க போட்டுது?”

போய்ப் பார்த்தேன். கட்டட இலக்கம் இருந்தது. தெருப் பெயர் இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பழைய சேர்வரில் விலாசத்துக்கு நீளமான இடம். புதியதில் நான் சிக்கனமாகக் கொஞ்சம் குறைத்து வைத்திருந்தேன். கொள்ளாத வாலை அது சத்தமில்லாமல் வெட்டி எறிந்துவிட்டது. அந்த வாலில்தான் அப்பார்ட்மென்ற் இலக்கம்.

மற்றச் சாரதிகள் போன் பண்ணியும் பழகிய கதவைத் தட்டியும் சமாளித்துவிட்டார்கள். ரெக்ஸ்டேலுக்குப் போனவர் அந்தப் பக்கத்துக்குப் புதியவர். பெரிய மாடிக் கட்டடமொன்றின் வாசலில் சிலிண்டரோடு நின்றுகொண்டு அலுவலகத்துக்குப் போன் எடுத்தார். சிவசுப்பிரமணியம் என்ற முதியவருக்கு உரிய சிலிண்டர் அது. அவரிடம் இருப்பது மதியத்துக்கு மேல் தாங்காது. ரஞ்சி அக்கா அவர் வீட்டுக்குப் போன் எடுத்தார். எங்கேஜ். மறுபடியும் எடுத்தார். எங்கேஜ்.

“பழைய மெசினில இருக்கும்தானே, தம்பி?”

இருக்கும். ஓடிப்போய் அதைப் போட்டேன். அது தன் டிஸ்க்கை முதலிலிருந்து சரிபார்க்கத் தொடங்கியது. மிக ஆறுதலாக, அவசரமே இல்லாமல்.

“நான் நேர போறன் அக்கா.”

“போய் என்ன செய்யப்போறீர்?”

தெரியவில்லை. காரை எடுத்தேன்.

நான் போய்ச் சேரும்போது மதியமாகிவிட்டது. கட்டடத்தின் வாசலில், வீடுகளை அழைக்கும் பொத்தான்களுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களின் பெயர்கள். சிவசுப்பிரமணியம் அதில் இல்லை. வீடு மகள் பெயரிலோ மருமகன் பெயரிலோ இருக்கலாம். தமிழ்போலத் தெரிந்த பெயர்களை ஒவ்வொன்றாக அழுத்தத் தொடங்கினேன்.

“வணக்கம் அன்ரி” என்று நான் சொன்னதுதான் தாமதம், “எங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்குத் தம்பி” என்று வைத்துவிட்டது முதல் குரல். அடுத்த வீட்டில் ஆளில்லை. அதற்கடுத்த வீட்டில் ஒரு அங்கிள்.

“சிவசுப்பிரமணியமோ? ஊரில எவடம்?”

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் நான் மிச்சம் பிடித்த நாலு எழுத்துக்காக மேலே ஒரு மனிதர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறார்.

“ஊர் தெரியாது அங்கிள். ஒக்சிஜன் பாவிக்கிறவர்.”

“ஓ, அவரே? எங்களுக்கு நேர மேல் வீடு.”

அங்கிள் வாசலைத் திறந்துவிட, சாரதியும் நானும் சிலிண்டரோடு மேலே போனோம். சிவசுப்பிரமணியத்தின் மனைவி கதவைத் திறந்தார். அன்ரியின் கையில் போன்.

“உங்கட ஒஃபிசுக்குத்தான் காலமை தொடக்கம் எடுக்கிறன். எந்நேரமும் எங்கேஜ்.”

அவருக்கு நாங்கள், எங்களுக்கு அவர்...

உள்ளே சிவசுப்பிரமணியம் அங்கிள் சோபாவின் நுனியில், இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். எங்களை நிமிர்ந்து பார்த்தார். பேச மூச்சில்லை. சாரதி சிலிண்டரை மாற்றினார். மூக்குக் குழாயில் ஒக்சிஜன் வரத் தொடங்கிச் சற்று நேரம் கழித்துத்தான் அவருடைய தோள்கள் கீழே இறங்கின. என்னுடையவையும்.

பிழை என்னுடையது என்று அன்ரிக்குச் சொன்னேன். சேர்வர், டேற்றாபேஸ் என்று விளக்கமும் கொடுத்தேன். பொறுமையாகக் கேட்டார்.

“சரி, வந்திட்டியள்தானே. இருங்கோ, தேத்தண்ணி போடுறன்.”

அங்கிருந்து அலுவலகத்துக்கு எடுத்தேன். பழைய சேர்வர் எழும்பிவிட்டதாம். ரஞ்சி அக்கா அப்பார்ட்மென்ற் இலக்கத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தார். அந்த அப்பார்ட்மென்றுக்குள் உட்கார்ந்துதான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நம் ஆட்கள் வீடு மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். பானை சட்டியெல்லாம் எண்ணிச் சரியாக வந்து சேரும். மூடிகள் வராது. சமைக்கத் தொடங்கும்போதுதான் அது தெரியும். டேற்றாபேஸும் அப்படித்தான். எண்ணிக்கை சரி என்று நான் துள்ளினேனே தவிர, எதையாவது திறந்து பார்த்தேனா? அந்த வாரம் முழுக்கப் பார்த்தேன். ஒவ்வொரு விலாசமாக, கடைசி எழுத்துவரை.

அந்தத் திங்கட்கிழமை, தேத்தண்ணியோடு வந்த அன்ரி டிவிக்குக் கீழே கையைக் காட்டினார்.

“கொம்பியூற்றர் வேலை எண்டியள், தம்பி. உந்த வீடியோ டெக்கில மணிக்கூடு எந்நேரமும் மின்னிக்கொண்டு நிக்குது. ஒருக்காப் பாருங்கோவன்.”

நான் எழும்பினேன். சிவசுப்பிரமணியம் அங்கிள் மூக்குக் குழாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு முதல்முறையாக வாய் திறந்தார்.

“அதைத் தொடாதையும் தம்பி. படமாவது ஓடட்டும்.”