சரிவில் சாக்கு விரித்த அப்பன்

போன ஞாயிற்றுக்கிழமை பெற்ற மகளின் முழங்காலை உடைக்கப் பார்த்தேன். கோபத்தில் இல்லை... எல்லாம் பாசத்தில்தான்!

கோவில்பட்டியில் மூடிக்கிடந்த பஞ்சு குடோன் ஒன்றில் ஸ்கேட்போர்டு சொல்லித் தருகிறார்கள். உள்ளே பிளைவுட்டில் இரண்டு சரிவுகள், எதிரும் புதிருமாக. உச்சியில் சுவர் மாதிரி செங்குத்து. கீழே வரவர வளைந்து தரையோடு சேரும். பாதி உயரத்திலேயே பழகிவந்த என் மகள் செல்வி, அன்றுதான் முதன்முதலாக உச்சியிலிருந்து இறங்கப் போகிறாள்.

ஹெல்மெட், முழங்கால் பேடு, முழங்கை பேடு, மணிக்கட்டுக்குத் தனிக் கவசம் – எல்லாம் மாட்டியிருந்தாள். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். பைக்கில் ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்து ஓட்டுகிற ஆசாமி நான்!

அப்படியும் மனசு ஆறவில்லை. மூலையில் பஞ்சு அடைத்த சாக்குகள் கிடந்தன. மேலிருந்து எது விழுந்தாலும் அடியில் சாக்கு விரிப்பதுதானே நம் ஊர் வழக்கம்? செல்வியும் கோச் ஜெனிட்டாவும் ஏணியில் ஏறுகிற நேரம் பார்த்து, இரண்டு சரிவுக்கும் நடுவே தரையில் நாலைந்தைப் பரப்பிவிட்டேன். என்ன புத்திசாலித்தனம் என்று எனக்கே பெருமை.

செல்வி பலகையில் ஒரு காலை வைத்துவிட்டாள்...

“ஏட்டி, நில்லு! காலை எடு!” – ஜெனிட்டா போட்ட சத்தத்தில் தகரக் கூரையே அதிர்ந்தது. “கீழ யாரு சாக்கைப் போட்டது?”

“நான்தாம்மா... பிள்ள மெத்துன்னு விழட்டுமேன்னு...”

“மெத்துன்னு விழக் கூடாது அண்ணாச்சி, வழுக்கணும்! முழங்கால் பேடுல பிளாஸ்டிக் இருக்குல்லா? மண்டி போட்டு அதுலயே சறுக்கி வந்துரணும். சாக்குல முட்டுச்சுன்னா முழங்கால் நின்னுரும், ஆளு குப்புறப் போவா. சக்கரம் அதுல ஏறுனா இன்னும் மோசம்!”

மேலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். “எப்பா, இங்க என்ன புளியமரமா உலுக்குதாவ? நான் உங்க மவப்பா!”

குடோனே சிரித்தது. சாக்குகளை இழுத்துப் போட்டுவிட்டு, உதிர்ந்த பஞ்சையும் தூசியையும் வேட்டி நுனியால் துடைத்தேன். தவழ்ந்தபடிதான்!

இறங்கினாள். கண்ணை மூடலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் எதிர்ச் சரிவில் பாதி ஏறிவிட்டாள். அங்கேதான் பலகை காலைவிட்டு நழுவித் தனியாகப் பறந்தது.

“மண்டி போடு!” – ஜெனிட்டாவின் குரல்.

இரண்டு முழங்காலும் மடங்கின. சர்ர்ர்... சற்று முன் நான் சாக்கு பரப்பியிருந்த இடத்தைத் தாண்டி வழுக்கிவந்து, என் முன்னால் மண்டியிட்ட கோலத்தில் நின்றாள். ஒரு கீறல் இல்லை.

“எப்பா... மூச்ச விடுங்க!”

அப்புறம்தான் விட்டேன்.

பிள்ளைகள் விழாமல் காக்க நம்மால் ஆகாது சார். விழுகிற வழியில் நாம் குறுக்கே கிடக்காமல் இருந்தாலே பெரிய புண்ணியம்!