சுவா சூ காங்கில் மஞ்சள் நரம்புச் செடி தேடிய ஞாயிறு

வெண்டையில் வரும் மஞ்சள் நரம்புத் தேமல் நோய்தான் என் ஆராய்ச்சி. அந்த வைரஸ் வயலுக்கு வயல் கொஞ்சம் மாறும். அதோடு ஒட்டிவரும் ஒரு துணை மூலக்கூறும் மாறும். மதுரைப் பக்கம் எந்த வயலில் எந்த ஜோடி என்று பார்ப்பது என் வேலை. இந்த ஜோடியைப் பற்றிய தொடக்கக்கால ஆய்வுகளில் சிங்கப்பூர்க் களை ஒன்றுக்கு முக்கிய இடமுண்டு. ஊதா நிறத்தில் பொடிப்பூ பூக்கும் செடி. வைரஸ் மட்டும் புகுந்தால் இலை பச்சையாகவே இருக்கும். துணை மூலக்கூறும் சேர்ந்தால்தான் நரம்பெல்லாம் மஞ்சளாகும். படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன்.

அதை நேரில் பார்க்க வேண்டும், விடுப்புக்கு நான் சொன்ன காரணம் இது. சொல்லாத காரணம் இன்னொன்று, என் கணவர் சிங்கப்பூரில் ஜூரோங் கப்பல் பட்டறையில் இருக்கிறார். அவருடைய வேலை பெர்மிட்டில் குடும்பத்தைக் கூட வைத்துக்கொள்ள முடியாது. அவரைப் பார்த்து இரண்டு வருடம். ஜூனில் சுற்றுலா விசாவில் போனேன். அவருக்கு ஞாயிறு மட்டும்தான் ஓய்வு.

காலை எட்டு மணிக்கு லிட்டில் இந்தியாவில் நான் தங்கிய விடுதிக்கு வந்தார். போனில் தெரியாத அளவு இளைத்திருந்தார். தோசை சாப்பிட்டுவிட்டு ஃபேரர் பார்க் திடலில் தேடினோம். எங்கும் ஒட்ட வெட்டிய புல்.

"இங்கெல்லாம் களைய தலைதூக்க விடமாட்டாங்க. சுவா சூ காங்ல அடுக்குமாடி புளோக்குக்குக் கீழ குடியிருக்கிறவங்க தோட்டம் போட்டிருக்காங்க. வேலைக்கு லாரில போறப்ப பாத்திருக்கேன், வா" என்றார்.

எம்ஆர்டி ரயிலில் புக்கிட் பாஞ்சாங் வரை, அங்கிருந்து எல்ஆர்டி என்ற குட்டி ரயில். ஏறக்குறைய ஐம்பது நிமிடம், ஆளுக்கு இரண்டு வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், அளவில். வழியெல்லாம் அவர் தூங்கினார். நான் எழுப்பவில்லை.

தோட்டத்து வேலியோரம், சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் நின்றது அந்தச் செடி. இலை முழுக்க மஞ்சள் வலை. அத்தனை அழகு. உட்கார்ந்துவிட்டேன். வெயில் படாமல் அவர் எனக்குக் குடை பிடித்தார்.

உள்ளே தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு அக்கா வந்தார், பெயர் மல்லிகா என்று பிறகு சொன்னார்.

"என்னம்மா, அத போய் போட்டோ எடுக்கிற? என் தக்காளியப் பாரு லா. இலையெல்லாம் சுருண்டுபோச்சு."

பார்த்தேன். "சோதிக்காம உறுதியாச் சொல்ல முடியாதுக்கா. ஆனா வெள்ளை ஈ நிறைய இருக்கு, அதுதான் நோயைச் செடிக்குச் செடி பரப்பும். சுருண்ட செடிய எடுத்துடுங்க."

"அப்போ வேலிக்கிட்ட இருக்கிறது?"

அந்த மஞ்சள் வலையை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். "அதையும்தான்" என்றேன்.

நானே பிடுங்கிப் பையில் கட்டினேன். ஒரு இலைகூட எடுத்துக்கொள்ளவில்லை. அனுமதியில்லாமல் விமானத்தில் கொண்டுவரக் கூடாது.

"இதுக்காடி இவ்ளோ தூரம் வந்த?" என்றார் கணவர்.

"இதுக்கு மட்டுமா?"

அவர் குடையை மடக்கிக்கொண்டே இருந்தார்.

திரும்பும்போது அவருக்காக ஜூரோங் வழியாக வந்தோம்; ஜூரோங் ஈஸ்ட்டில் அவர் தன் இடத்துக்குப் பிரிய வேண்டும், நான் ரயில் மாற வேண்டும். மறுநாள் விடியற்காலை வேலை. கதவு திறந்தது. இறங்கினார், என்னோடு அடுத்த ரயிலிலும் ஏறினார். "லிட்டில் இந்தியா வரைக்கும் வரேன்." வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

போகிறவர்களுக்கு: குடையும் தண்ணீரும் கட்டாயம். தோட்டத்தில் இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். சுவா சூ காங்கிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நான் முதலில் சொன்ன வழிதான் சுருக்கம். ஜூரோங் வழி சுற்று, கால் மணி நேரமாவது கூட ஆகும். யாரோடு போகிறீர்கள் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.