படிப்பை மாற்றிய காரணம்

இடையில் படிப்பை மாற்றியிருந்தால் காரணம் எழுதவும் என்று ஒரு கேள்வி. அதன் கீழே நான்கு வரிக்கு இடம். சட்ட நிறுவனத்து விண்ணப்பத்தில் அதை முதன்முதலில் பார்த்தபோது அக்காவின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. பெரியப்பா மகள், என்னைவிட ஆறு மாதம்தான் மூத்தவள். அந்த ஆறு மாதத்தைப் பிறந்ததிலிருந்து துரத்திக்கொண்டிருக்கிறேன்.

அவள் விவசாயப் பட்டப்படிப்பில் இருந்தாள், நான் பொறியியலில். காரைக்கால் பக்கத்து விழிதியூரில் எங்கள் தாத்தா நிலத்தின் பத்திரம் பிரெஞ்சுக்காரர் காலத்தது. வீட்டில் யாருக்கும் அதில் ஒரு சொல் புரியாது. பெரியப்பா எப்போதாவது பீரோவிலிருந்து எடுத்து, முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே வைப்பார். பக்கத்து நிலத்துக்காரர் வரப்பைத் தள்ளிப் போட்ட வருஷம், அக்கா அதை எடுத்துக்கொண்டு காரைக்காலில் பிரெஞ்சு அரசின் பென்ஷன் வாங்கும், அந்த மொழி தெரிந்த ஒரு பெரியவரிடம் போனாள். ஒரு வாரம் உட்கார்ந்து, வரி வரியாகக் கேட்டு, தமிழில் எழுதி வந்தாள். வரப்பு பழைய இடத்துக்கு வந்தது. விவசாயத்தை விட்டுச் சட்டம் படிக்கப் போவதாக அவள் சொன்னபோது யாரும் ஏன் என்று கேட்கவில்லை. "புள்ள வக்கீலாத்தான் பொறந்திருக்கு" என்று சொன்னது யார்? என் அப்பா. எனக்கு வயிறு எரிந்தது. மறுவாரமே நானும் பொறியியலை விட்டுச் சட்டத்துக்கு மாறினேன். "உனக்கென்னடா வந்துச்சு?" என்றார் அதே அப்பா.

படிப்பு முடிந்து, சென்னையில் ஒரே நிறுவனத்துக்கு இருவரும் விண்ணப்பித்தோம். அந்த நான்கு வரியில் 'அக்கா மாறினாள்' என்றா எழுத முடியும்? தாத்தாவின் பத்திரத்தை எழுதினேன். புரியாத மொழியில் பூட்டிக் கிடந்த எங்கள் உரிமை என்று அழகாகவே எழுதினேன். குடும்பப் பத்திரம்தானே, அவளுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்திருக்கிறதா என்ன! அவளும் அதையேதான் எழுதுவாள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

நேர்முகத்தில் அதைப் படித்த மூத்த வழக்கறிஞர் அம்மா நிமிர்ந்து, "நல்லா இருக்கு. கிழக்கு எல்லை என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அக்கா எழுதி வந்த தமிழை நான் ஒரு நாளும் படித்ததில்லை. படித்தால் அவள் செய்தது பெரிய காரியம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அடுத்து உள்ளே போனது அவள்தான். வேலை அவளுக்கு என்று அன்றே சொல்லிவிட்டார்கள். நான் எழுதியதையும் அவளிடம் காட்டியிருக்கிறார்கள். கேள்வியே சரியில்லை என்று பல நாள் சொல்லித் திரிந்தேன். ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணல்.

அன்று ஊர் திரும்பும் பஸ்ஸில் அவள் சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டி, "தாத்தா பத்திரம்டா, உனக்கும் பாதி உண்டு. ஆனா ஒரு தடவ படிச்சிட்டுப் போயிருக்கலாம்ல?" என்றாள். அந்தப் பெருந்தன்மையை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது காரைக்காலில் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறேன். மறுபடி ஒரு சென்னை நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கிறேன். அதே கேள்வி, இம்முறை கணினித் திரையில். 'அக்கா மேல் பொறாமைப்பட்டு மாறினேன். வந்த பிறகுதான் பிடித்தது' என்று தட்டினேன். இரண்டும் உண்மை. அனுப்புவதற்கு முன் அவளிடம் ஒரு தடவை காட்டலாமா என்று கை போனை எடுத்தது. காட்டவில்லை. இதைவிட நல்லதாக ஒரு வரி சொல்லிவிடுவாள்.