முதல் ஷிப்டில் அறுந்த நூல்

அப்பாவின் ஃபைலை யாரோ திறக்கிறார்கள் என்று முதலில் கண்டுபிடித்தது அம்மா. கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டி, அதற்குள் ஃபைல், ஃபைலின் அடியில் ஆண்டர்சன்பேட்டை டாக்டர் அப்பாவின் நெஞ்சைப் படம் பிடித்து எழுதிக் கொடுத்த சீட்டு. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அடையாளத்துக்கு அதன் மூலையில் மஞ்சள் தடவியிருந்தாள். மஞ்சள் மூலை மேலே வந்திருந்தது.

சீட்டு மைன் ஆபீசுக்குப் போனால் அப்பாவைச் சுரங்கத்துக்குக் கீழே இறங்க விடமாட்டார்கள். அந்த இடத்துக்கு அவர் தம்பியின் பெயர் போகும். சித்தப்பாவுக்கு அப்போது மேலே, பட்டறையில், நிரந்தரமில்லாத வேலை. எங்களோடுதான் இருந்தார்.

எனக்குப் பத்து வயது. பெட்டியின் கொக்கியில் ஒரு கறுப்பு நூலைக் கட்டினேன். யார் எப்போது வீட்டில் என்று நோட்டில் எழுதினேன். எங்கள் மைன் லைன் வீடுகளில் அது சுலபம். ஷிப்டுக்குச் சங்கு ஊதினால் யார் கீழே, யார் மேலே என்று குழந்தைகூடச் சொல்லும்.

வியாழக்கிழமை சாப்பாட்டு மணிக்குப் பள்ளியிலிருந்து ஓடி வந்தேன். நூல் அறுந்திருந்தது. சீட்டைக் காணவில்லை. அம்மா சந்தையில். அப்பா முதல் ஷிப்ட். இரண்டாம் ஷிப்டுக்குப் போகவேண்டிய சித்தப்பா பாயில் படுத்திருந்தார்.

சந்தையிலிருந்து வந்த அம்மா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. “அண்ணன் எப்ப மேல வருவாரு, நாம எப்ப எறங்கலாம்னு பாத்துனு இருக்கியா?”

“நான் தூங்கினு இருந்தேன் அண்ணி.”

“தூங்கினு இருந்தா நூலு எப்டி சித்தப்பா அறுந்துது?” என்றேன்.

என்னையே பார்த்தார். “இத போலீஸ்ல சேத்துடுங்க அண்ணி” என்று சிரித்தார். இரண்டாம் ஷிப்ட் சங்குக்கு முன்பே பாயைச் சுருட்டிக்கொண்டு போனார். பிறகு எங்கள் வீட்டில் தங்கவே இல்லை.

அந்த வாரம் திங்கட்கிழமையே அப்பாவின் இருமலைப் பார்த்து, கீழே இறங்கும் ஷாஃப்ட் வாசலில் நிறுத்திவிட்டார்கள் என்பதைச் சித்தப்பா என் கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னார். வாரம் முழுவதும் சங்குக்குச் சோற்று டப்பாவோடு கிளம்பி, எங்கெங்கோ உட்கார்ந்துவிட்டு, ஷிப்ட் விடும் நேரத்துக்கு அப்பா வந்தாராம். மேலேயே ஏதாவது வேலை கேட்கத்தான் வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து சீட்டை அப்பாவே எடுத்தாராம். வீட்டில் சொல்லாதே என்று தம்பியிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. வியாழக்கிழமைப் பக்கத்தில் சித்தப்பாவின் பெயருக்குக் கீழே சிவப்புப் பென்சிலில் இரண்டு கோடு. அதற்கு அடுத்த வரி: ‘அப்பா வந்தார். பூட்ஸில் சேறு இல்லை. கீழ வேற லெவலுக்கு மாத்திட்டாங்க, இது காஞ்ச லெவல் என்றார்.’

அந்த வரிக்குக் கீழே கோடு இல்லை.