பிளானில் ஏறிய அறை

வேலைத்தளத்தில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரசமட்டம் என்றால்தான் திரும்புவார். மற்ற கொத்தனார்கள் கண்ணாலேயே ஒரு கணக்குப் போட்டுக் கல்லை வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். இவர் ஒவ்வொரு கல்லுக்கும் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் வந்து நின்ற பிறகுதான் மூச்சு விடுவார். மேட்டுத் தெருவிலுள்ள வசதியான வீடுகளின் கொல்லைகளில் பாதி அவர் கை பட்டவை. கல் பாவிய தரை, படிப்படியாக இறங்கும் செடிப் பாத்தி, சரிவு மண்ணைப் பிடித்து நிறுத்தும் தாங்குசுவர். வேலை முடிந்து வீட்டுக்காரர் விருந்தாளிகளுக்குச் சுற்றிக் காட்டும்போது இவர் பக்கவாட்டுச் சந்தில் வாளி கழுவிக்கொண்டிருப்பார். தான் கட்டிய படியில் சற்று உட்கார வேண்டும் என்றாலும், உட்காரலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்.

அவருடைய சொந்தக் கொல்லை சேறு. வீடு சரிவின் அடியில் இருந்தது. மழை பெய்தால் மேலே இருப்பவர்களின் தண்ணீரெல்லாம் சமையலறைப் படி வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். மூலையில், பின் எல்லையை ஒட்டி, ஓர் அறை. அது தங்கைக்காகக் கட்டியது. புருஷன் கைவிட்ட பிறகு அவள் இரண்டு பையோடு வந்து நின்றபோது, கூட வேலை செய்தவர்கள் விடுமுறை நாட்களில் வந்து தோள் கொடுத்தார்கள். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அவளுக்கு இரவு வேலை. விடிந்து வந்து கதவைச் சாத்தினால் மதியம்தான் திறப்பாள். அதுவரை வீட்டில் யாரும் பாத்திரம் உருட்ட மாட்டார்கள்.

மகள் அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. தோட்டமும் வெளிப்புறமும் அமைத்துத் தரும் ஒரு கம்பெனியில் பிளான் வரைகிறாள். அவர் ஓய்வு பெற்று கையில் கொஞ்சம் பணம் வந்ததும் கொல்லைப் பேச்சை எடுத்தவள் அவள்தான். அவருக்கு மறுநாளே கடப்பாரையைத் தூக்க ஆசை.

"தாங்குசுவர் இடுப்புக்கு மேல வருதுப்பா. வடிகாலைத் தெருக் கால்வாயில சேர்க்கணும். ரெண்டுக்கும் அனுமதி வேணும்."

"நம்ம கொல்லைக்கா?"

"நம்ம கொல்லைக்குத்தான்."

சிரித்தார். ஆனால் அது அவருக்குப் பிடித்திருந்தது. இத்தனை வருஷம் அடுத்தவர்களின் பிளானைக் கல்லின் மேல் விரித்து, காற்றில் பறக்காமல் சுத்தியலை வைத்து அழுத்தி, அதைப் பார்த்துக் கட்டியவர். தன் வீட்டுக்கு ஒரு பிளான் வரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

சமையலறை மேசையில் எஸ்டிமேட் தயாரானது. கல், சிமென்ட், குழாய், செடி. எல்லாவற்றையும் விட, சுவருக்குப் பின்னால் கொட்டி நிரப்ப வேண்டிய உடைகல்தான் பட்ஜெட்டை விழுங்கியது. அவர் தன் கூலியை எழுத வேண்டாம் என்றார்.

"எழுதணும்ப்பா. இல்லைன்னா கணக்கே பொய்."

"என் வீட்டுக்கு நானே கூலி குடுத்துக்கணுமா?"

தூங்கி எழுந்து டீக்கு வந்த தங்கை நின்றபடியே சொன்னாள்: "குடுத்துடுண்ணே. பத்தலைன்னா உன்கூடயே நீ சண்டை போட்டுக்கலாம். எங்களுக்கும் பொழுது போகும்."

அளவெடுத்த நாளில் டேப்பின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறு முனையை மகள். ஏற்கெனவே இருப்பதை எல்லாம் பிளானில் காட்ட வேண்டும் என்பது விதி. வேலி, துவைகல், ஒரு பழைய மரம். அறையின் முன் வந்ததும் மகள் டேப்பை ஆட்டிக்கொண்டு நின்றாள்.

"இதையும் போடணுமாப்பா?"

"ஏன் கேக்கறே? போடு. சுவர் ஒன்பது அங்குலம். எங்க வச்சு வேணும்னாலும் அளந்து பாரு, அரைக்கால் அங்குலம் மாறாது."

தங்கை ஜன்னலைத் திறந்தாள். "ஆபீசரம்மா, என் கட்டிலையும் போட்டுடு. நான் எங்க படுக்கறேன்னு சர்க்காருக்கும் தெரியட்டும்."

மகள் சிரிக்கவில்லை. அவர் அதைக் கவனித்தார். பிள்ளை வேலையில் கவனமாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

பிளான் அச்சாகி வந்தபோது அவர் கைகளை இரண்டு தடவை கழுவிவிட்டு வாங்கினார். புதுச் சுவர், படி, பாத்தி எல்லாவற்றையும் விட அந்த மூலையைத்தான் நெடுநேரம் பார்த்தார். சுவரின் கனத்துக்கு இரட்டைக் கோடு. அவர் கட்டியது எதுவும் அதுவரை அவர் பேரில் எந்தத் தாளிலும் ஏறியதில்லை.

நகராட்சி கவுண்டரில் நடுவயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். பிளானைப் புரட்டினாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள், மறுபடி பிளானைப் பார்த்தாள்.

"பின்னால இந்த ரூம் பழைய ரெக்கார்டுல இல்லையே." குரலைத் தாழ்த்தினாள். "நான் இன்னும் சீல் போடலை. வேணும்னா எடுத்துட்டுப் போய் ஒரு தடவை சரி பார்த்துட்டு வாங்க."

அவர்கள் தப்பித்துப் போக அந்தப் பெண் ஒரு வழியைத் திறந்து விட்டிருந்தாள். அவருக்கு அது தெரியவில்லை. மகள் தப்பாக வரைந்துவிட்டாள் என்று சொல்கிறார்கள் என்றுதான் பட்டது. சுருக்கென்றது.

"சரியாத்தான் இருக்கு மேடம். ரூம் இருக்கு. நானே கட்டினது."

அந்தப் பெண் மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள். சீல் விழுந்தது.

ஆய்வாளர் மரியாதையான மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அறைக்குள் போனார். வெளியே வந்து, வேலை சுத்தமாக இருக்கிறது என்று மனதாரப் பாராட்டினார். பிறகு சொன்னார். பின் எல்லையில் காலியாக விட வேண்டிய இடத்தில் அறை நிற்கிறது. அபராதம் கட்டிச் சரி செய்கிற வகையில் இது வராது. இடித்தால்தான் கொல்லை வேலைக்கு அனுமதி.

"கொல்லை வேலையே வேணாம் சார். விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கிக்கறோம்."

"வாங்கிக்கலாம். ஆனா ரூமைப் பார்த்துட்டேனே ஐயா. பார்த்ததைப் பார்க்கலைன்னு எழுத முடியாது."

ஆய்வாளர் போன பிறகு அவர் மகளிடம் கேட்டார், "உனக்குத் தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சுப்பா."

"ஏன் சொல்லலை?"

"நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க." பிளானைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "மறைச்சு வரைஞ்சா என் வேலைக்கும் பிரச்சினை."

இரண்டில் எது முதலில் அவள் மனதில் வந்தது என்று அவர் கேட்கவில்லை. அவளுக்கே தெரியுமோ என்னவோ.

அந்த வாரம் மதியச் சாப்பாட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். மனைவி, "ஹால்ல படுத்துக்கட்டும்" என்றாள். டி.வி.யும் வாசல் கதவும் இருக்கிற ஹாலில், பகலில் தூங்குகிறவள் எப்படிப் படுப்பாள் என்பது சொன்னவளுக்கே தெரியும். மீதி இருந்தது மகளின் அறை. அவள் வேலைக்குப் போனால் பகலெல்லாம் பூட்டிக் கிடக்கிற அறை. மகள் வாயைத் திறப்பாள் என்று அவர் காத்திருந்தார். மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவரே சொல்லியிருக்கலாம், வீடு அவருடையது. படிக்கிற பிள்ளைக்குத் தனி அறை வேண்டும் என்று அவரும் மனைவியும் ஹாலுக்கு மாறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அந்த அறையைப் பற்றிப் பேசும் பழக்கமே அவருக்கு விட்டுப்போயிருந்தது.

தங்கை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒரு கேலி வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

"ஆஸ்பத்திரி பக்கத்துல எங்க ஆளுங்க நாலு பேர் சேர்ந்து ஒரு ரூம் எடுத்திருக்காங்க. ஒரு கட்டில் காலியா இருக்காம். நடந்தே வேலைக்குப் போயிடலாம்." தண்ணீர் குடித்தாள். "பஸ் செலவு மிச்சம்."

அவள் போன பின் அறையை அவரே இடித்தார். ஆள் வைத்தால் அதற்கொரு செலவு. ஒன்பது அங்குலச் சுவர் லேசில் விழவில்லை. அந்தக் காலத்தில் கலவை கொஞ்சமும் குறைக்காமல் போட்டிருந்தார்கள். கை கொப்பளித்தது. உடைந்த துண்டுகளை என்ன செய்வது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மகள் எஸ்டிமேட்டை எடுத்து, உடைகல் வரியைச் சத்தமில்லாமல் அடித்தாள். தங்கையின் அறை முழுவதும் தாங்குசுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. பட்ஜெட் மிச்சப்பட்டு, பழைய மரத்தடியில் ஒரு கல் பெஞ்சு கூட வந்தது.

அனுமதி வந்தது. வேலை முடிந்து இறுதி ஆய்வும் தேறியது. மழை பெய்தபோது தண்ணீர் வரைந்தபடியே வடிகாலில் இறங்கிப் போனது. மகள் கம்பெனியில் காட்டுவதற்காகப் படம் எடுத்துக்கொண்டாள். மேலே இருக்கும் வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "எந்த கான்ட்ராக்டர் செஞ்சது?" என்று கேட்டார். "நான்தான்" என்றார். சொல்ல வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்ட வார்த்தை. வாயில் மண் கடிபட்டது போலிருந்தது.

தங்கையைப் பல தடவை கூப்பிட்டார். ஷிஃப்ட் என்றாள், துணி அதிகம் என்றாள். கடைசியில் ஒரு மதியம் வந்தாள். தூக்கம் கெட்டுக் கண்கள் உள்ளே போயிருந்தன. கொல்லையைச் சுற்றிப் பார்த்தாள். படியைப் பார்த்தாள், சுவரைக் கையால் தடவினாள். "நல்லாப் பண்ணியிருக்கே அண்ணே" என்றாள். பெஞ்சின் பக்கத்தில் வந்து நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"இதுல உக்காரலாமாண்ணே?"

கேலியாக இருக்குமோ என்று அவள் முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை. அடுத்தவர் வீட்டுக் கொல்லையில் நிற்கும்போது அவர் கேட்டது போலவே கேட்டிருந்தாள்.